பார்த்துக்கொண்டிருப்பதும் வைத்தியம்தான்

(அறக்கட்டளையின் மாதாந்திர மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

இந்த மேடையில் வழக்கமாக டாக்டர்கள்தான் பேசுவார்கள். இன்று ஒரு நோயாளியைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. இந்த ஓராண்டுக்குள் நம் ஜமாஅத்திலேயே சில வீடுகளில் இருந்து என்னைத் தேடி வந்தார்கள். எல்லோரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "சார், இரத்தத்துல கேன்சர்னு சொல்லிட்டு, மருந்து மாத்திரை எதுவும் கொடுக்காம, மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. கைவிட்டுட்டாங்களா? இல்ல, எங்ககிட்ட காசு இல்லைன்னு நினைச்சுட்டாங்களா?"

இரண்டும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஏழு ஆண்டுகளாக எனக்கு இந்த நோய் இருக்கிறது. இன்று வரை இதற்கென்று ஒரு மாத்திரைகூட நான் சாப்பிட்டதில்லை. அல்ஹம்துலில்லாஹ், உங்கள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அல்ல. அதில் பல வகை உண்டு. சில வகைகள் மிக வேகமானவை. அவற்றுக்கு ஒரு வாரம் தாமதித்தாலும் ஆபத்து. 'அக்யூட்' என்று டாக்டர் சொன்னால் அன்றே சிகிச்சைக்குப் போய்விட வேண்டும். நான் இங்கே பேசுவதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் ஒருவருக்கு நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது. நான் பேசுவது மெதுவாக வளரும் ஒரு வகையைப் பற்றி மட்டும். அதன் பெயர் க்ரானிக் லிம்ஃபோசைடிக் லுக்கீமியா. சுருக்கமாக சி.எல்.எல். என்பார்கள்.

நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. ஒரு மைக்ரோலிட்டரில் சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை இருக்கும். அவற்றில் ஒரு வகை லிம்ஃபோசைட். கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்ப்பது அதன் வேலை. சி.எல்.எல். நோயில் இந்த லிம்ஃபோசைட்டுகளில் 'பி' என்ற பிரிவு அணுக்கள் காலம் முடிந்தும் சாகாமல் சேர்ந்துகொண்டே போகின்றன. எண்ணிக்கை கூடும், ஆனால் வேலைக்கு உதவாது. இப்படிப்பட்ட அணுக்கள் 5,000-க்கு மேல், மூன்று மாதத்துக்குக் குறையாமல் நீடித்து, ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற இரத்தப் பரிசோதனையிலும் உறுதியானால் சி.எல்.எல். என்கிறார்கள். இது பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. வேறு ஏதோ காரணத்துக்காக இரத்தம் சோதிக்கும்போது தெரியவரும். எனக்கு 61 வயதில் குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த பரிசோதனையில் தெரிந்தது. வெள்ளை அணு 24,000. எனக்கு வலியில்லை, காய்ச்சலில்லை, எடை குறையவில்லை.

இது தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சலாம், மனைவியோடு வாழலாம். பரம்பரையா என்று கேட்பார்கள். நெருங்கிய இரத்த உறவினருக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் இந்த நோயே அரிதானது என்பதால், நோயாளிகளின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்கெல்லாம் பரிசோதனை எடுக்கத் தேவையில்லை.

சரி, நோய் இருப்பது தெரிந்த பிறகும் ஏன் மருந்து கொடுப்பதில்லை? இதுதான் முக்கியமான இடம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ராஜஸ்தானில் ஜோத்பூரில் பிறந்து, ஜெய்ப்பூரில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் பணியாற்றியவர் டாக்டர் காந்தி ராய். இவர் 1975-இல் இந்த நோயை 0 முதல் 4 வரை ஐந்து நிலைகளாகப் பிரித்தார். வெள்ளை அணு மட்டும் கூடியிருந்தால் 0. நெறி கட்டியிருந்தால் 1. மண்ணீரலோ கல்லீரலோ வீங்கியிருந்தால் 2. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இறங்கியிருந்தால் 3. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போயிருந்தால் 4. ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் மருந்தில்லாமலே பல ஆண்டுகள் நன்றாக இருப்பதையும் டாக்டர்கள் கவனித்தார்கள். அப்படியானால் ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் இன்னும் நன்றாக இருப்பார்களோ என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. நாமும் அதைத்தானே கேட்கிறோம்?

அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிரான்ஸ் நாட்டில் ஆரம்ப நிலை நோயாளிகள் 609 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அன்றைய மருந்தான குளோராம்புசில் மாத்திரையைத் தினமும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவினரைக் கண்காணிக்க மட்டும் செய்தார்கள். முடிவு 1998-இல் வெளியானது. மருந்து சாப்பிட்டவர்களுக்கு நோய் வளர்வது மெதுவானது. ஆனால் அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. மருந்து கொடுக்கப்படாத பிரிவில் 49 சதவீதம் பேருக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தும் நோய் முற்றவுமில்லை, மருந்து தேவைப்படவுமில்லை.

அது பழைய மருந்து, இப்போதுதான் புதிய மாத்திரைகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். ஜெர்மனி ஆய்வுக் குழு ஒன்று இப்ருட்டினிப் என்ற புதிய மாத்திரையையும் இதேபோல ஆரம்ப நிலையிலேயே கொடுத்துப் பார்த்தது. இரத்தத்தில் எண்கள் அழகாக இறங்கின. ஆனால் வாழும் காலம் கூடவில்லை. இரத்தக்கசிவு, இதயத்துடிப்புக் கோளாறு போன்ற பக்கவிளைவுகள் கூடின. ஆகவே இன்றைக்கும் உலகமெங்கும் நடைமுறை ஒன்றுதான்: அறிகுறி இல்லாத ஆரம்ப நிலைக்கு மருந்து இல்லை, கண்காணிப்பு உண்டு. நியூயார்க்கில் இருக்கும் கோடீஸ்வரருக்கும் இதே பதில்தான், நம் ஊர் கைத்தறித் தொழிலாளிக்கும் இதே பதில்தான். காசைப் பார்த்துச் சொல்லும் பதில் இது அல்ல.

இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கடைசி வரை மருந்தே தேவைப்படுவதில்லை. மற்றவர்களுக்கு எப்போதாவது தேவைப்படும். அந்த நேரத்தைத் தவறவிடாமல் பிடிப்பதற்குத்தான் கண்காணிப்பு. அதனால் "சும்மா இருக்கச் சொன்னாங்க" என்று யாரும் சொல்லாதீர்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. "வாங்க, பார்ப்போம், மறுபடியும் வாங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்த 'மறுபடியும் வாங்க' என்பதுதான் இதில் வைத்தியம்.

எப்போது மருந்து தொடங்குவார்கள்? இதற்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட விதிகள் இருக்கின்றன. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இறங்குவது. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்குவது. மண்ணீரலோ நெறிகளோ மிகவும் பெரிதாவது அல்லது தொந்தரவு தருவது. ஆறு மாதத்தில் காரணமில்லாமல் உடல் எடை பத்தில் ஒரு பங்கு குறைவது. கிருமித்தொற்று எதுவும் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல். ஒரு மாதத்துக்கு மேல் இரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. அன்றாட வேலையே செய்ய முடியாத அசதி. லிம்ஃபோசைட் எண்ணிக்கை ஆறு மாதத்துக்குள் இரண்டு மடங்காவது. இவற்றில் ஒன்று வந்தாலும் டாக்டர் தீவிரமாக யோசிப்பார்.

இந்தப் பட்டியலில் ஒன்று இல்லாததைக் கவனித்தீர்களா? வெள்ளை அணு இத்தனை ஆயிரத்தைத் தாண்டினால் மருந்து என்று ஒரு விதி இல்லை. நம் ஆட்கள் பயப்படுவது அந்த எண்ணைப் பார்த்துத்தான். லேப் ரிப்போர்ட்டில் அந்த எண்ணைக் கறுப்பாகத் தடிமனாக அச்சிட்டிருப்பார்கள், பக்கத்தில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் அன்று தூக்கம் போய்விடும்.

நான் கணக்கு வாத்தியார். என் பாடத்தை வைத்தே சொல்கிறேன். ஓர் எண்ணை மட்டும் பார்த்தால் அது புள்ளி. பல எண்களை வரிசையாகப் பார்த்தால்தான் கோடு. டாக்டர் பார்ப்பது கோட்டை. என்னுடைய எண்ணிக்கை 24,000 ஆக இருந்தது 48,000 ஆக ஐந்து ஆண்டுகள் பிடித்தது. இப்போது 55,000. இன்னொருவருக்கு 32,000 என்பது நான்கு மாதத்தில் 66,000 ஆகலாம். எண் அருகருகேதான் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே நிலைமை அல்ல. அதுபோல, சளி பிடித்திருக்கும்போது சோதித்தால் எண்ணிக்கை தற்காலிகமாக ஏறும், பிறகு இறங்கும். ஒரு ரிப்போர்ட்டை வைத்து வீட்டில் துக்கம் கொண்டாடக் கூடாது என்பது அதனால்தான்.

இனி, இந்தக் காத்திருப்புக் காலத்தில் நாம் செய்ய வேண்டிய வேலைகளுக்கு வருகிறேன்.

முதல் வேலை, ஒரு நோட்டு. நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, ஹீமோகுளோபின், வெள்ளை அணு, லிம்ஃபோசைட், பிளேட்லெட், உடல் எடை. ஆறு கட்டம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு வரி. முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு கிழித்துப் போட்டுவிடுகிறார்கள், பிறகு புது டாக்டரிடம் போனால் காட்ட ஒன்றுமில்லை. இந்த நோயில் பழைய காகிதம்தான் சொத்து.

இரண்டாவது வேலை, தேதி தவறாமல் போவது. ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நிலையாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதற்கும் மேல்கூட டாக்டர் தள்ளிக் கொடுக்கலாம். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஒன்றிரண்டு ஆண்டு நன்றாக இருந்துவிட்டால் "எனக்கு ஒண்ணுமில்ல, எதுக்கு வீணா பஸ் செலவு" என்று நிறுத்திவிடுகிறார்கள். பிறகு ஹீமோகுளோபின் 7-க்கு வந்த பிறகு ஆம்புலன்சில் போவார்கள். நன்றாக இருக்கும்போது போவதற்குப் பெயர்தான் கண்காணிப்பு. நிலையான நோயாளிக்கு அடிக்கடி ஸ்கேன் தேவையில்லை. இரத்தப் பரிசோதனையும், டாக்டர் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வயிறு ஆகியவற்றைத் தொட்டுப் பார்ப்பதும்தான் முக்கியம்.

மூன்றாவது வேலை, கிருமித்தொற்றில் இருந்து காத்துக்கொள்வது. எண்ணிக்கை கூடினாலும் அந்த அணுக்கள் வேலை செய்யாது என்று சொன்னேன். ஆகவே மருந்து சாப்பிடாத நிலையிலும் நமக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் வீட்டில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்திருக்கக் கூடாது. அன்றே டாக்டரைப் பார்த்து, "எனக்கு சி.எல்.எல். இருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பிலோ முகத்திலோ ஒரு பக்கமாக எரிச்சலோடு கொப்புளம் வந்தால் அது அக்கியாக இருக்கலாம். மூன்று நாட்களுக்குள் மாத்திரை தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும்.

தடுப்பூசிகளை டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி, நிமோனியாவுக்கான ஊசி, அக்கிக்கான உயிரற்ற வகை ஊசி. ஆனால் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் தடுப்பு மருந்துகள் நமக்கு ஆகாது. இதில் ஹஜ், உம்ராவுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், அது உயிரற்றது, நாம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஹஜ் முகாம்களில் வாய்வழிப் போலியோ சொட்டு மருந்தும் கொடுப்பதுண்டு. அது உயிருள்ள வகை. வரிசையில் நின்று வாயைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் நோயைச் சொல்லிவிடுங்கள். பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே உங்கள் டாக்டரிடம் பேசி, அதற்குப் பதிலாக ஊசி வகை போட முடியுமா என்று கேட்டு, எழுத்து மூலம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நோய் நிலையாக இருந்தால் பயணம் போவதற்கு இந்த நோய் பொதுவாகத் தடையில்லை. கூட்டத்தில் முகக்கவசம் அணியுங்கள்.

நோன்பு வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கண்காணிப்பில் இருந்து, ஹீமோகுளோபின் சரியாக இருந்து, வேறு நோய்களும் தடையாக இல்லாவிட்டால், பெரும்பாலும் வைக்க முடிகிறது. நான் வைத்து வருகிறேன். ஆனால் உங்கள் உடம்பைப் பார்த்த டாக்டரிடம் ரமலானுக்கு முன்பே கேளுங்கள். மார்க்கச் சட்டம் பற்றிய கேள்வியை ஆலிம்களிடம் கேளுங்கள். நான் சொல்வது ஒன்றுதான்: நோன்பு நாளில் காய்ச்சல் வந்தால் "இஃப்தார் ஆகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று தள்ளிப்போடக் கூடாது. இன்னொரு தகவல், இந்த இரத்த அணுப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. வேறு பரிசோதனை எதுவும் கூடவே இல்லாவிட்டால் காலை உணவு சாப்பிட்டுவிட்டே போகலாம்.

அடுத்தது ஹிஜாமா. நம் மக்களில் பலர் செய்துகொள்கிறார்கள். அதைப் பற்றி விவாதம் செய்ய நான் வரவில்லை. ஆனால் தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் எந்த முறையும், பிளேட்லெட் குறைந்தவருக்கு இரத்தம் நிற்காத நிலையை உண்டாக்கலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குக் கீறிய இடத்தில் சீழ் பிடிக்கலாம். "கெட்ட இரத்தத்தை எடுத்துவிட்டால் நோய் போய்விடும்" என்று யாராவது சொன்னால், இந்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையிலும் நெறிகளிலும் இருக்கின்றன, முதுகில் எடுக்கும் இரத்தத்தோடு அவை போய்விடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

கருஞ்சீரகம், தேன், பேரீச்சம்பழம் எல்லாம் உணவாக வழக்கம்போல இருக்கட்டும். ஆனால் பெயர் தெரியாத பொடியும் லேகியமும் வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது. சாப்பிட்டதும் உடம்பு தெம்பாகத் தெரியும், நெறி சுருங்கும், "பார்த்தீங்களா, குணமாயிடுச்சு" என்பார்கள். உள்ளே சர்க்கரை ஏறும், எதிர்ப்புச் சக்தி இன்னும் இறங்கும். எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

தேதிக்குக் காத்திருக்காமல் உடனே ஓட வேண்டிய அடையாளங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். சில நாட்களுக்குள் திடீரென்று மூச்சு வாங்கி, முகம் வெளுத்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்துப் போனால் உடனே போங்கள். உடம்பே தன் சிவப்பணுக்களை அழிக்கும் ஒரு கோளாறு இந்த நோயாளிகளுக்கு வருவதுண்டு. காலில் ஊசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள், மூக்கிலும் ஈறிலும் நிற்காத இரத்தம் என்றால் உடனே போங்கள். பல ஆண்டு அமைதியாக இருந்த நெறிகளில் ஒன்று மட்டும் சில வாரத்தில் மளமளவென்று பெரிதானால் உடனே போங்கள்.

இதுவரை உடம்பைப் பற்றிப் பேசினேன். இனி மனசைப் பற்றி. இதுதான் உண்மையில் கஷ்டமான பகுதி.

ஆபரேஷன் செய்தால் முடிந்தது என்று இருக்கும். ஊசி போட்டால் இத்தனை ஊசி பாக்கி என்று எண்ணலாம். இதில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. உள்ளே ஒன்று இருக்கிறது, அதை விட்டுவைத்திருக்கிறோம் என்ற நினைப்பு இரவு இரண்டு மணிக்கு எழுப்பும். கண்காணிப்பில் இருப்பவர்களின் மனக்கவலை, சிகிச்சையில் இருப்பவர்களின் கவலைக்குக் குறைந்ததல்ல என்று ஆய்வுகளே சொல்கின்றன. ஆகவே "உங்களுக்குத்தான் மருந்தே இல்லையே, அப்புறம் என்ன கவலை" என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள்.

பரிசோதனைக்கு முந்தைய வாரம் மோசமானது. கழுத்தைத் தடவித் தடவிப் பார்ப்போம். தடவத் தடவ இல்லாத நெறியும் கைக்குத் தட்டுப்படும். எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, குளிக்கும்போது ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன், எடை பார்ப்பேன், நோட்டில் எழுதுவேன். மற்ற நாட்களில் அந்த நோட்டு அலமாரியில் என் மனைவியின் பொறுப்பில் இருக்கும். பரிசோதனை எடுத்த அன்றே முடிவு கேட்டு, மறுநாளே டாக்டரைப் பார்க்கும்படி தேதி வாங்குகிறோம். இடையில் கூகுளைத் திறப்பதில்லை. அதில் இருப்பவை பலவும் எல்லா நிலை நோயாளிகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிய எண்கள்.

பயம் தனியாகத் தீராமல் சாப்பாடு, தூக்கம், தொழுகை, வேலை எதிலும் மனம் நிற்காமல் வாரக்கணக்கில் போனால் அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டிய ஒன்றுதான். ஈமான் குறைவு என்று யாரும் முத்திரை குத்தாதீர்கள். அரசின் டெலி மானஸ் மனநலச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது? ஊர் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குள் மறைக்காதீர்கள். மகளுக்கு நிக்காஹ் பேசிக்கொண்டிருக்கிறோம், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் சம்பந்தம் போய்விடும் என்று பயந்து, மனைவிக்குக்கூடத் தெரியாமல் வைத்திருக்கிற ஆண்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலை நின்றுவிடக் கூடாது என்று கணவரிடமே சொல்லாத பெண்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் கூட இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. குறைந்தது இரண்டு பேருக்காவது நோயின் பெயர், டாக்டரின் பெயர், நோட்டு இருக்கும் இடம் இந்த மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். சம்பந்தம் பேசும் வீட்டாருக்கு ஒரு வார்த்தை: இது ஒட்டுகிற நோயல்ல. ஒரு தகப்பனுக்கு இந்த நோய் இருப்பதை வைத்து அவருடைய பெண்ணை வேண்டாம் என்பது பெரிய அநியாயம்.

எனக்கு நோய் என்று தெரிந்த வாரத்தில் என் மகள் தன் வளையல்களைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "அத்தா, சென்னைக்கு இல்ல, சிங்கப்பூருக்கே போவோம்" என்றாள். அந்தப் பாசம் பெரிது. அவளைக் கூட்டிக்கொண்டே டாக்டரிடம் போனேன். அவளே கேட்கட்டும் என்று விட்டேன். அரை மணி நேரம் கேட்டாள். வெளியே வந்து வளையலைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பணத்தை இப்போது கொட்ட வேண்டாம். பின்னால் தேவைப்படலாம். இந்த நோய்க்கு இன்று வந்திருக்கும் புதிய மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. விலையும் அதிகம். தேவையில்லாத ஸ்கேனுக்கும் ஊர் ஊராக ஆஸ்பத்திரி மாறுவதற்கும் நகையை அடகு வைத்துவிட்டு, உண்மையில் மருந்து தொடங்கும் நாளில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் இரத்தநோய்ப் பிரிவு உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறை இரண்டாவது கருத்துக் கேளுங்கள். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, சென்னை அரசுப் பொது மருத்துவமனை என்று நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. இரண்டு இடத்திலும் ஒரே பதில் வந்தால் அதோடு மனம் அமைதியாகட்டும். ஐந்தாவது இடம் தேட வேண்டாம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் வழி இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மையத்துக்குப் போக வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போது இந்த அலைச்சலை முடித்துவிடுவதும் கண்காணிப்பில் ஒரு பகுதிதான். புகை பிடிப்பவர்கள் அதை நிறுத்த இதைவிட நல்ல நேரம் இல்லை. இந்த நோயாளிகளுக்கு வேறு புற்றுநோய்கள் வரும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல்.

கடைசியாக, நோய் இல்லாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நலம் விசாரிக்க வருகிறீர்கள், துஆச் செய்கிறீர்கள், அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும். ஆனால் வாசலில் நின்று "எங்க மாமுவுக்கும் இதே இரத்தக் கேன்சர்தான், மூணு மாசத்துல மவுத்தாயிட்டார்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு வந்தது வேறு நோயாக இருக்கும். அதற்குப் பதிலாக, "அடுத்த பரிசோதனை எந்தத் தேதி? துணைக்கு நான் வரட்டுமா?" என்று கேளுங்கள். தனியாகப் பஸ் ஏறும் ஒரு வயதான அம்மாவுக்கு அந்த ஒரு கேள்வி பெரிய பலம். தேதியை மறந்துவிடுகிறவருக்கு அதுவே ஞாபகமூட்டல்.

மருந்து தேவைப்படும் நாள் வந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்வோம். வராத வரை பயந்து ஓடவும் வேண்டாம், மறந்து தூங்கவும் வேண்டாம். பிள்ளைகளின் கல்யாணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கடையை மூடாதீர்கள். தென்னங்கன்று நட நினைத்திருந்தால் நடுங்கள். அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்துவிட்டு, இன்றைய வேலையைப் பாருங்கள்.

கேள்விகள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் பேசலாம். நோட்டு எப்படிக் கோடு போடுவது என்று காட்ட என்னுடையதையும் கொண்டு வந்திருக்கிறேன். அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆரோக்கியத்தையும், வந்ததைத் தாங்கும் மன உறுதியையும் தருவானாக. வஸ்ஸலாம்.